நெசவாளர் இல்லத்து நெடும்பெட்டி

"தறிக்காரர் வீட்டிற்கு இத்துணைப் பெரிய ஒலிபெருக்கி எதற்கு?" என்று நம்மைக் கேட்டவர் ஒருவரல்லர், இருவரல்லர். உறவினர் கேட்டனர், தெருவினர் கேட்டனர், பெட்டியை இறக்கி வைத்த வண்டிக்காரரும் கேட்டார். இருசக்கர வண்டியைத் தவணையில் வாங்கும்போது எவரும் எதற்கென்று கேட்பதில்லை. காதுகுத்து விழாவிற்கு மண்டபம் பிடித்து, மாமன் சீர் கொணர்ந்து, ஊரழைத்து உணவு படைத்து, அதற்காக நூற்றுக்கு மூன்று வட்டியில் கடன்படும்போதும் எவரும் கேட்பதில்லை. காதைக் குத்துவதற்குக் கடன் வாங்கலாம். அந்தக் காது நல்லதைக் கேட்பதற்குக் காசு சேர்க்கக் கூடாது! நம் நாட்டுச் செலவுக் கணக்கின் இலக்கணம் இது, தோழர்களே.

கேட்டவர்மீது நமக்குச் சினமில்லை. "இன்னொலி மாடி வீட்டாருக்கு, இரைச்சல் தறி வீட்டாருக்கு" என்று யாரோ என்றோ எழுதி வைத்ததுபோல் எண்ணிப் பழகிவிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்கு வாசலில் நின்று சொல்லக்கூடிய விடை நம்மிடம் இல்லை. சற்று நீண்ட விடையே உண்டு.

குமாரபாளையம் காவிரிக் கரை ஊர். அக்கரையில் பவானி, சமுக்காளத்திற்குப் பெயர் பெற்றது. இக்கரையில் விசைத்தறி. 1997ஆம் ஆண்டின் முதல் நாளில் சேலம் மாவட்டத்தினின்று நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது நாம் புதிய மாவட்டத்திற்குள் வந்தோம். மாவட்டம் மாறிற்று, தறியோசை மாறவில்லை. நாடா இடமிருந்து வலம் பாய்ந்து மோதும். மோதிய ஒலி அடங்குமுன் வலமிருந்து இடம் பாய்ந்து மோதும். பத்துத் தறி, இருபது தறி, ஒரே கூரையின்கீழ்! ஓடும் தறிகளின் நடுவே ஒலியளவு 90 டெசிபலைத் தாண்டி 100ஐ எட்டுவது இயல்பு.

இந்த எண்ணின் பொருள் யாது? இசை கேட்போரின் செவி கெடாதிருக்க உலக நலவாழ்வு அமைப்பு ஓர் அளவு வகுத்திருக்கிறது. 80 டெசிபல் எனில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் எனில் வாரத்திற்கு 4 மணி நேரமே. நம் தறியாளர் அந்த நான்கு மணி நேரத்தை வாரத்தின் முதல் நாள் காலையிலேயே முடித்துவிடுகிறார். எஞ்சிய நாள்களில் அவர் செலவிடுவது தம் செவியின் முதலை!

நம் தந்தையார் 34 ஆண்டுகள் தறி ஓட்டியவர். செவிச் சோதனை செய்த நாளில் மருத்துவர் ஒரு தாளைக் காட்டினார். இடமிருந்து ஒழுங்காக வந்த கோடு, 4,000 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்த இடத்தருகே பள்ளத்தில் விழுந்து கிடந்தது. இரைச்சலில் உழைத்தவர் செவியில் முதலில் கெடுவது அந்த இடமே என்றார் அவர். இலங்காசயர் நகரங்களின் பஞ்சாலைகளில் தறி ஓட்டிய ஆங்கிலப் பெண்டிரும் இவ்வாறே செவி இழந்தனர். ஆலைக்குள் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்ளும் ஒரு முறையை அவர்கள் வளர்த்துக்கொண்டனர். "மீ-மா" என்று அதற்குப் பெயரும் இட்டனர். நம் பட்டறைகளில் அதற்குப் பெயரில்லை. கைச்சாடை மட்டும் உண்டு. நூல் அறுந்தது, பாவு தீர்ந்தது, தேநீர் வந்தது, முதலாளி வருகிறார் என யாவற்றிற்கும் ஒவ்வொரு சாடை.

தந்தையார் செவிடர் அல்லர். இதைப் பலர் புரிந்துகொள்வதில்லை. கதவைத் தட்டினால் கேட்கும், கன்று கத்தினால் கேட்கும், அழைத்தால் திரும்புவார். ஆயின் அழைத்தபின் சொன்னது விளங்காது. தமிழில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிப்பவை. க, ச, த, ப முதலிய வல்லின மெய்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய வெடிப்பும் சீற்றமும் மேலே, அந்தப் பள்ளத்தை ஒட்டிய இடத்தில் இருப்பவை. படை, கடை, தடை, சடை என்று நாம் நான்கு சொல் சொன்னால் அவருக்கு வந்து சேர்வது நான்கு முறையும் "அடை"தான். எனவே வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்தபின் அவர் சிரிப்பார்; பிறர் முகம் பார்த்துச் சிரிப்பார். செவிப்பொறி வாங்கிக் கொடுத்தோம். வெளியே செல்லும்போது அணிகிறார். வீட்டிலோ பக்கத்துப் பட்டறையின் இரைச்சலையும் அது சேர்த்துப் பெருக்குகிறது என்று மாலையில் கழற்றி வைத்துவிடுகிறார்.

அவர் பாட்டுப் பித்தர். பழைய திரைப்பாடல், உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதை, மேடைப் பேச்சு என எதுவாயினும் கேட்பார். தொலைக்காட்சியோடு ஒட்டிய சிறு பெட்டியில் ஒலியைக் கடைசிவரை ஏற்றி வைத்துக்கொண்டு, "ஏங்கண்ணு, பாட்டு நல்லாத்தான் இருக்குது, என்ன சொல்றான்னுதான் வெளங்கல" என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் நாம் ஒலிபெருக்கி தேடப் புறப்பட்டோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இழந்த செவியை எந்தப் பெட்டியும் மீட்டுத் தராது. ஆனால் எஞ்சிய செவியை ஏமாற்றாத பெட்டி உண்டு. கடைத்தெருவில் மலிவாகக் குவிந்திருக்கும் பெட்டிகளில் பல, இடியை மட்டும் பெருக்கி இன்னிசை என்று விற்கின்றன. கீழிருந்து எழும் முழக்கம் மேலேயுள்ள மெல்லொலியை மூடிவிடும் என்பது செவியின் இயல்பு. நல்ல செவிக்கே சொல் மங்கும். நெய்து தேய்ந்த செவிக்கோ சொல் மறைந்தே போகும்.

இங்கே ஒரு நெசவூர்க்காரரைப் பற்றிச் சொல்லாமல் நகர இயலவில்லை. இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் பிராட்ஃபோர்டு என்றொரு நகர். கம்பளி நெசவால் வாழ்ந்தது. அங்கே துணி வாணிபத்தில் பணியாற்றியவர் கில்பர்ட் பிரிக்ஸ். இசைமீது காதல், கேட்ட ஒலிபெருக்கிகள்மீது வெறுப்பு. 1932இல் இல்க்லி என்ற ஊரில் தம் வீட்டு நிலவறையில் அமர்ந்து தாமே ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். அந்த வட்டாரத்து வார்ஃப் ஆற்றின் பள்ளத்தாக்கே அவர் தொழிலுக்குப் பெயராயிற்று: வார்ஃப்டேல். ஆற்றங்கரை நெசவு நாட்டில், துணிக்கணக்குப் பார்த்த கையால் பிறந்த பெயர் அது. இன்று அந்நிறுவனம் சீனத்துக் குழுமம் ஒன்றின் உடைமை. எனினும் எளியோர் வாங்கத்தக்க ஒலிபெருக்கி என்றால் உலகெங்கும் இன்னும் அப்பெயரைச் சொல்கிறார்கள். பிரிக்ஸ் செய்த இன்னொரு செயல் நமக்கு மிகப் பிடித்தது. 1954இல் இலண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில் மக்களைக் கூட்டி, மேடையில் கலைஞரை வாசிக்கச் செய்து, அதே இசையின் பதிவை ஒலிபெருக்கியிலும் போட்டு, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். "என்னை நம்பு" என்னாமல் "நீயே கேள்" என்ற வணிகர்! அத்தகையோர் எத்தனைபேர்?

இனிப் பெட்டியின் கதைக்கு வருவோம். தாள் கூம்பு ஒன்று. அதன் அடியில் கம்பிச் சுருள். சுருளைச் சுற்றிக் காந்தம். மின்னோட்டம் பாய்ந்தால் கூம்பு முன்னும் பின்னும் அசையும், காற்று அசையும், ஒலி பிறக்கும். அமெரிக்காவில் செஸ்டர் ரைசும் எட்வர்டு கெலாக்கும் 1925இல் வெளியிட்ட அமைப்பு இது. நூறாண்டு கழிந்தும் அடிப்படை மாறவில்லை. ஆயின் கூம்பு முன்னே தள்ளும் காற்றைப் பின்னே தானே இழுத்துக்கொள்கிறது. வெறும் கூம்பில் தாழொலி தேறாது. ஆகவேதான் பெட்டி. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் பெட்டியில் ஒரு துளையிட்டு, உள்ளே வீணாகும் ஒலியையும் வெளியேற்றித் தாழொலிக்குத் துணைசேர்த்தார். 1932இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1954இல் எட்கர் வில்ச்சர் மாறாக நினைத்தார்: துளையே வேண்டா, காற்றுப் புகாமல் மூடிவிடு, உள்ளிருக்கும் காற்றே வில்லாக நின்று கூம்பைத் தாங்கும் என்றார். 1961இல் ஆத்திரேலியாவில் தீல் என்பவர் இந்தப் பெட்டிக் கலையைக் கணக்காக மாற்றினார். அதன்பின் தச்சர் கைராசி தேவையற்றுப் போயிற்று. தாளும் எழுதுகோலும் போதுமென்றாயிற்று.

ஹாஃப்மன் என்ற பொறியாளர் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. பெட்டி சிறிதாக இருத்தல், தாழொலி ஆழமாக இருத்தல், சிறு மின்திறனில் உரத்து ஒலித்தல் என்னும் மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். விளம்பரம் எதைச் சொன்னாலும் இவ்விதியை எந்த நிறுவனமும் வென்றதில்லை. கையளவு பெட்டியில் கடலோசை என்பவன் கதை சொல்கிறான் என்று கொள்க.

நாம் எதை விட்டுக்கொடுப்பது? பெட்டியின் சிறுமையை. பெரிய பெட்டி எனில், விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் வேண்டா. ஒரு வாட் மின்திறனில் ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபல் தரும் பெட்டிக்குத் தேவைப்படும் திறனில் இரு மடங்கு, 87 டெசிபல் தரும் பெட்டிக்குத் தேவைப்படும். மூன்று டெசிபல் என்பது பார்வைக்குச் சிறிய எண். பணப்பைக்கோ பெரிய எண். மேலும், அலமாரிக்கென்று செய்த சிறு பெட்டிக்கு நல்ல இரும்புத் தாங்கி வேண்டும்; தாங்கியின் விலையைக் கூட்டிப் பார்த்தால் "மலிவு" மறைந்துவிடும். தாங்கி அடைக்கும் தரையும் நெடும்பெட்டி அடைக்கும் தரையும் ஒன்றே. ஓடியாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் தாங்கிமேல் நிற்பதைவிடத் தரையில் நிற்பதே பாதுகாப்பு. கடைக்காரர் "டவர் ஸ்பீக்கர்" என்பதையே நாம் நெடும்பெட்டி என்கிறோம். பெட்டி நெடிதென்பதாலேயே சிறந்தது என்று எண்ணிவிடவும் வேண்டா. மலிவாக விற்க வேண்டும், நெடிதாகவும் தெரிய வேண்டும் என்று பலகையை மெலிதாக்கி, உள்ளே குறுக்குச் சட்டம் இல்லாமல் செய்தவை உண்டு. விரலால் தட்டிப் பாருங்கள். நெல் குதிர்போல் "திம்" என்றால் நன்று. தகர டப்பாபோல் அதிர்ந்தால் அது பெட்டியன்று, பறை. பறைக்கு வேறு இடம் உண்டு, வீரமிக்க இடம் உண்டு, ஆனால் ஒலிபெருக்கியின் பக்கப்பலகை அந்த இடமன்று!

நூல் கடை ஒன்றில் கணக்கெழுதும் நம்மால் இரண்டு தீபாவளி ஊக்கத்தொகையைச் சேர்த்து வைக்க முடிந்தது. அந்தப் பணத்தோடு பெருநகர்க் கடை ஒன்றிற்குச் சென்றோம். குளிரூட்டிய அறை, மெத்தை நாற்காலி, விற்பனையாளர் தம் கையிலிருந்த பதிவையே போட்டார், ஒலியையும் தம் விருப்பப்படி ஏற்றினார். நம் கையிலிருந்த பழைய பாடலைப் போடுங்கள் என்றோம். "அதெல்லாம் இதுல நல்லா இருக்காது சார்" என்றார். நம் பாட்டு நன்றாக ஒலிக்காத பெட்டி நமக்கு எதற்கு? பிறகு கம்பிக்கு வந்தார். பெட்டியை இணைக்கும் கம்பி பன்னிரண்டாயிரம் ரூபாயாம்; அதற்குத் திசை உண்டாம்; அம்புக்குறி பார்த்து மாட்ட வேண்டுமாம்; நூறு மணி நேரம் ஓடிய பின்னரே அது "பழகுமாம்".

தோழர்களே, மந்திரித்த கயிற்றைக் கையில் கட்டுபவனைப் பார்த்து நகைக்கிறோம். மந்திரித்த கம்பியைப் பெட்டியில் மாட்டுபவனை இசையறிஞன் என்கிறோம்! நம் வீட்டில் ஓடுவது மின்பொருள் கடையில் வாங்கிய 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. ஐந்து மீட்டர் போய்வர அதன் தடை ஏறத்தாழ 0.07 ஓம். பெட்டியின் தடையோ 8 ஓம். இதில் எந்தத் திசைக்கு எந்த அம்பு? மாற்றுமின்னோட்டம் நொடிக்குப் பலநூறு முறை திசை மாறிக்கொண்டே இருக்கிறதே, அது எந்த அம்பைப் பார்த்து நடக்கும்? இலங்கையில் ஆபிரகாம் கோவூர் 1963இல் அற்புதம் செய்வோருக்கு ஓர் இலட்சம் ரூபாய்ப் பந்தயம் வைத்ததை நம் தோழர்கள் அறிவர். அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி அதே வழியில் பத்து இலட்சம் டாலர் வைத்திருந்தார். 2007இல் அவர், ஏழாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள ஒலிபெருக்கிக் கம்பியைக் கண்ணால் காணாமல் காதால் மட்டும் இனங்கண்டு காட்டினால் அந்தப் பணம் பரிசு என்றார். பேச்சு நடந்தது, நிபந்தனைமேல் நிபந்தனை எழுந்தது, சோதனை மட்டும் நடக்கவேயில்லை. சாமியாடிகளிடம் கோவூர் கண்டதும் இதைத்தானே!

கம்பியை விடுக, பெட்டிகளுக்கிடையே உண்மையான வேறுபாடு உண்டு, பெரிய வேறுபாடே உண்டு. அதைக் காண்பது எவ்வாறு? கனடா நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிலாயிட் டூல் என்ற அறிஞர் பல்லாண்டு இதே வேலையாக இருந்தார். பெட்டிகளைத் திரைக்குப் பின்னே வைத்தார், ஒலியளவைச் சமப்படுத்தினார், கேட்போரை மதிப்பெண் இடச் சொன்னார். கண் மறைந்தபோது பலதரப்பட்ட மனிதரும் பெரும்பாலும் ஒரே வகைப் பெட்டியை விரும்பினர்: எந்தச் சுருதியையும் மிகைப்படுத்தாத, குறைக்காத பெட்டியை. பின்னர் 1994இல் டூலும் ஷான் ஆலிவ் என்பவரும் அதே பெட்டிகளைத் திரையோடும் திரையின்றியும் கேட்கச் செய்தனர். திரை விலகியதும் மதிப்பெண் மாறிற்று! திரைக்குப் பின்னே நன்றாக மதிப்பெண் பெற்ற சிறிய, மலிவான அமைப்பு, கண்ணுக்குத் தெரிந்ததும் இறங்கிற்று. அவ்வாறு மாற்றி இட்டவர் பாமரர் அல்லர்; ஒலிபெருக்கி நிறுவனத்தில் பணிபுரிந்தோரே. காது கேட்பதைக் கண் திருத்தி எழுதுகிறது!

ஆகவே நம் வீட்டிலும் திரை கட்டினோம். ஈரோட்டு நண்பர் ஒருவர் தம் நெடும்பெட்டி இணையை 28,000 ரூபாய்க்குத் தர ஒப்பியிருந்தார். சேலத்துத் தோழர் ஒருவர் தம் இணைக்கு 60,000 கேட்டார். இரண்டையும் ஒரு ஞாயிறன்று சரக்கு வண்டியில் கொணர்ந்து நம் அறையில் நிறுத்தினோம். பவானிச் சமுக்காளத்தைக் கயிற்றில் தொங்கவிடலாமென்றார் நண்பர். கூடாதென்றோம்; தடித்த சமுக்காளம் மேலொலியை விழுங்கிவிடும், இரண்டு பெட்டியும் ஒரே ஊமையாகும். மெல்லிய வேட்டியே திரையாயிற்று. சமுக்காளம் தரையில் விரிந்தது; ஓடு பதித்த தரையில் பட்டுத் தெறிக்கும் ஒலியை அது அடக்கும். செல்பேசியிலுள்ள ஒலியளவு மானியைக் கொண்டு இரு இணையையும் ஒரே அளவிற்கு நிறுத்தினோம். இதில் சோம்பல் கூடாது. ஒன்று மற்றதைவிட ஒரே டெசிபல் உரத்தாலும் உரத்ததே "தெளிவு" என்று செவி தீர்ப்பெழுதிவிடும். எது முதலில் ஒலிப்பது என்பதை நம் அண்ணன் மகள் நாணயம் சுண்டி முடிவு செய்தாள். விடை அவளுக்கு மட்டுமே தெரியும்.

தந்தையாருக்குத் தனித் தேர்வு. படை, கடை, தடை வகையில் இருபது சொல்லை அவளே செல்பேசியில் படித்துப் பதிவு செய்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒலித்தபின் அவர் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு பெட்டியில் பதின்மூன்று சரி. மற்றதில் ஒன்பது. இருபது சொல்லைக் கொண்டு உலகுக்கு உண்மை நிறுவ இயலாது. ஒரு வீட்டிற்கு ஒரு முடிவெடுக்க இயலும். பதின்மூன்று தந்தது 28,000 ரூபாய்ப் பெட்டி. துணைவியாரும் நண்பர் ஒருவரும் அதையே விரும்பினர். அத்தை மட்டும் மற்றதில் தவில் "நெஞ்சுல வந்து அடிக்குது" என்று அதற்கே மதிப்பெண் இட்டார். அதுவும் உண்மைதான், தாழொலி அதில் மிகுதி. இன்னொரு நண்பர் நிலைதான் நகைப்பிற்கு உரியது. திரைக்குப் பின்னே மூன்று சுற்றிலும் மலிவான பெட்டியை மெச்சியவர், வேட்டியை அவிழ்த்ததும் விலை கேட்டார். கேட்டுவிட்டு, "பாப்பா ஏதாச்சும் மாத்திப் போட்டிருப்பா" என்றார்!

எந்த நிறுவனத்துப் பெட்டி அது? சொல்லப் போவதில்லை. உங்கள் அறை வேறு, செவி வேறு. வார்ஃப்டேல், போல்க், டாலி, ஜாமோ எனப் பெயர்கள் பல. 1970இல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் என்ற நம் நாட்டுப் பெயரும் உண்டு. பழைய பெட்டி எனில் கூம்பின் விளிம்பைப் பாருங்கள். நுரைப்பஞ்சு விளிம்பு நம் வெப்பத்தில் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். இரப்பர் விளிம்பு நீடிக்கும்.

பெட்டி வந்தது, வைக்கும் இடம் எது? அத்தை உடனே தீர்ப்பளித்தார்: "ஈசானி மூலையில கனமான சாமான் வெக்கக் கூடாது சாமி." நாமும் வடகிழக்கு மூலையில் வைக்கவில்லை. அத்தைக்கு மகிழ்ச்சி. தென்மேற்கு மூலையிலும் வைக்கவில்லை. அத்தைக்குக் குழப்பம். எந்த மூலையுமே ஆகாது என்று சொன்னது வாஸ்து அன்று, அளவு நாடா. நம் அறை 14 அடி நீளம். 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 28 அடி. அதில் பாதி சரியாக 14 அடி. ஆகவே அந்தச் சுருதி இரு சுவருக்கிடையே சிக்கி, ஊஞ்சல்போல் ஆடி வீங்கும். பெட்டியை மூலையில் தள்ளினால் வீக்கம் மிகும், சொல் மறையும். சுவரினின்று இரண்டடி முன்னே இழுத்தோம். "இம்" என்ற முனகல் அடங்கிற்று. இரண்டடி இழுத்ததற்குச் செலவு யாதுமில்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கம்பியால் ஆகாத வேலை அது. இன்னொன்று: இப்பெட்டிகள் நாற்காலியில் அமர்வோர் செவி உயரத்திற்குச் செய்யப்பட்டவை. நாமோ சமுக்காளத்தில் அமர்பவர்கள். பின்புறத் திருகுக் கால்களைச் சற்று உயர்த்தி, பெட்டி மிகச் சிறிதளவு முன்னே குனியும்படி செய்தோம். வீட்டிற்கு வந்த விருந்தினர் குனிந்து பேசுவது முறைதானே?

அத்தை ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் மஞ்சள் நீருமாக வந்தார். கூம்பு தாளால் ஆனது, நனைந்தால் கெடும் என்றோம். தெய்வக் குற்றம் என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார், தாள் ஊறிவிடும் என்றதும் "அட, காயிதமா!" என்று நீரை வாசற்படியில் ஊற்றிவிட்டுப் போனார். வாதம் செய்ய ஆயத்தமாக இருந்த நமக்குத்தான் ஏமாற்றம்.

அன்றாட வாழ்வில் இப்பெட்டிக்குப் பகை மூன்று. முதற்பகை பஞ்சு. பக்கத்துப் பட்டறையினின்று பறந்து வரும் நூல்தூசு முகத்துணியில் வெண்படலமாகப் படியும். வாரம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் நீக்குகிறோம். இரண்டாவது பல்லி. பின்புறத் துளை பல்லிக்கு நல்ல குகை. உள்ளே முட்டையிட்டால் வெளியேற்றுவது கடினம். கொசுவலைத் துண்டைத் துளையில் இழுத்துக் கட்டிவிட்டோம். மூன்றாவது, காவிரி. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரினின்று நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கன அடி நீர் வந்தபோது குமாரபாளையத்தின் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் புகுந்தது. மரத்தூள் பலகையால் செய்த பெட்டி ஒரு சாண் நீரில் நின்றால் போதும், பூரித்து வெடித்துவிடும். தரையில் நிற்பதன் கேடு அது. ஆகவே மேட்டூர் திறப்பு அளவு ஏறுகிறதென்று செய்தி வந்தாலே, ஒன்று பதினெட்டுக் கிலோ எடையுள்ள இரண்டையும் கட்டில்மேல் ஏற்றிவிடுகிறோம். தறிக்குரிய நூல் மூட்டைக்கும் அதே கட்டில்தான்.

இரவில் ஒலியைக் குறைக்கிறோம். 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்கின்றன. பக்கத்துச் சுவருக்கப்பால் இரவு முழுதும் தறி ஓடும் தெருவில் அந்த விதியைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது. திருவிழாக் குழாய்களும், நம் கூட்டத்து மேடைக் குழாய்களும் அவ்விதியை மதித்த நாள்கள் குறைவு. பிறரை மட்டும் சொல்லி நம்மை விட்டுவிடுதல் நேர்மையன்று. நம் வீட்டிலாவது பத்து மணிக்குமேல் சுவர் தாண்டாத ஒலியே. ஒலி குறைந்தால் செவிக்குத் தாழொலி அளவுக்கு மீறிக் குறைந்து தோன்றும் என்று ஃபிலெச்சரும் மன்சனும் 1933இலேயே காட்டியிருக்கிறார்கள். நெடும்பெட்டியின் ஆழம் அங்கேதான் கைகொடுக்கிறது. ஒலி தணிந்தும் பாட்டு மெலிவதில்லை.

தந்தையார் இப்போது ஒலியைக் கடைசிவரை ஏற்றுவதில்லை. பாதியில் நிறுத்துகிறார். எல்லாச் சொல்லும் விளங்குகிறதென்று சொல்ல மாட்டோம், விளங்காத சொல்லை "அது என்ன சொல்லு?" என்று கேட்கிறார். முன்பெல்லாம் கேட்க மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். சென்ற மாதம் ஒரு பழைய பாடலை நான்கு முறை போடச் சொன்னார். நாற்பது ஆண்டாகத் தாம் வேறு சொல்லாக எண்ணிப் பாடிக்கொண்டிருந்த இடம் ஒன்றில் உண்மையான சொல் இன்னதென்று கண்டுவிட்டாராம். தம் சொல்லே இன்னும் நன்றாக இருந்ததென்பது அவர் கருத்து.

எதிர் வீட்டு இளைஞர் ஒருவரும் இப்போது பெட்டி வாங்க எண்ணியிருக்கிறார். பட்டறையில் இரண்டாம் முறை வேலை பார்ப்பவர். முதலில் நூறு ரூபாய்க்குக் காதடைப்பான் வாங்கும்படி சொன்னோம். வாங்கிவிட்டார், அணியவும் செய்கிறார். பெட்டி பார்க்கச் செல்லும்போது அளவு நாடா, பழைய வேட்டி, தமக்கு மனப்பாடமான பாட்டு மூன்று ஆகியவற்றை எடுத்துச் செல்லும்படி சொல்லியிருக்கிறோம். இருபது சொல் பதிவையும் அனுப்பிவிட்டோம். அவர் நம் தந்தையாரையும் உடன் அழைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தமக்கு வேலையொன்றும் இல்லை என்று தந்தையார் சொல்லியிருக்கிறார்.